முட்டுக்கட்டை

ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? பழைய கோயில் மண்டபங்களில், தரையைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் தெரியும். ஒரு முக்கோணம், குறுக்கே சில கோடுகள். மொத்தம் 23 முனைகள். 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு காலி. ஆடுகள் கூடி நின்று புலியை நகரவிடாமல் அடைத்துவிட்டால் புலி காலி.

செஸ்ஸில் இரண்டு பக்கமும் ஒரே படை, ஒரே பலம். இதில் அப்படி இல்லை. ஒரு பக்கம் பல், நகம். இன்னொரு பக்கம் வெறும் எண்ணிக்கை. இருந்தும் யார் ஜெயிப்பார்கள் என்று கடைசிவரை சொல்ல முடியாது.

அது ஏன் 15 ஆடு? 10 வைத்தால் புலிக்குக் கொண்டாட்டம், கால் மணி நேரத்தில் பிரியாணி. 20 வைத்தால் 23 முனையும் நிரம்பி புலிக்கு மூச்சு விடக்கூட இடமிருக்காது. பல தலைமுறை ஆடிப் பார்த்து, அடித்து அழித்து, யாரோ 15 என்று முடிவு செய்திருக்கிறார்கள். போதாததற்கு இன்னொரு நிபந்தனை: எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலிக்குக் கொடுத்த சலுகை அது. பெயர் தெரியாத அந்த ஆசாமிதான் தமிழ்நாட்டின் முதல் கேம் டிசைனர். சம்பளம் வாங்கியதாகத் தகவல் இல்லை.

இப்படி எண்ணைக் கூட்டிக் குறைத்து இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்கிற வேலைக்கு இன்றைக்குப் பெயர் பேலன்ஸிங். வீடியோ கேம் கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த வேலையில் இறங்கி, பத்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு பையன்களை ராஜபாளையத்தில் சந்தித்தேன்.

ஒருவன் என் அக்கா மகன். அத்தானுக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறி. இன்னொருவன் அவனுடைய காலேஜ் சிநேகிதன், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன். இருவரும் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். புராஜெக்ட்டுக்காகச் சேர்ந்து ஒரு போர் விளையாட்டு எழுதுகிறார்கள்.

"காலேஜ் சேர்ந்த நாள்லேருந்து ஒட்டிக்கிட்டே திரிஞ்சதுக. இப்ப என்னமோ பொகைக்காகச் சண்டையாம். நீயாவது என்னன்னு கேளுப்பா" என்றாள் அக்கா.

புகை என்றதும் எனக்கு வேறு சந்தேகம் வந்தது. நல்லவேளை, சிகரெட் இல்லை. டாங்கி விடுகிற புகை.

விஷயம் இதுதான். அவர்கள் விளையாட்டில் ஒரு கட்சிக்கு ஒரு டாங்கி, ஒரு ஹெலிகாப்டர். எதிர்க்கட்சிக்கு ஆறு காலாட்கள், தோளில் வைத்துச் சுடுகிற ஏவுகணை. காலாள் டாங்கியைக் குறிவைத்ததும் டாங்கிக்குள் ஒரு மணி அடிக்கும். உடனே டாங்கிக்காரன் புகைக்குண்டு விடலாம். புகைக்குள் குறி தப்பிவிடும். ஹெலிகாப்டருக்குப் புகைக்குப் பதில் தீப்பொறி. ஏவுகணை சூட்டைத் துரத்தி வருவதால், எஞ்சினைவிடச் சூடான தீப்பந்துகளை உதறிவிட்டு நழுவுவது. நிஜ ஹெலிகாப்டர்களிலும் இதே வித்தைதான்.

சண்டை எங்கே வந்தது என்றால், ஒருமுறை புகை விட்டபின் அடுத்த புகைக்கு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதில். அக்கா மகன் 10 நொடி என்றான். சிநேகிதன் 30 என்றான். ராத்திரி இவன் 10 என்று எழுதிவிட்டுத் தூங்குவான். காலையில் பார்த்தால் ஃபைலில் 30 இருக்கும். மறுநாள் மறுபடி 10. இப்படி ஒரு வாரம் ஓடி, கடைசியில் பாஸ்வேர்டை மாற்றுகிற அளவுக்குப் போய்விட்டது.

"மாமா, டேங்க்னா டேங்க் மாதிரி இருக்கணும்" என்றான் அக்கா மகன். "ஆவடியில செய்யுற அர்ஜுன் 68 டன். ஒருத்தன் தோள்ல குழாயை வச்சுக்கிட்டு வருவான், ஒரே அடியில முடிச்சிட்டுப் போவான்னா, அப்புறம் எதுக்கு மாமா டேங்க்? ஆட்டோ வச்சுக்கலாமே?"

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு இதில் ஒரு கெட்ட குணம் உண்டு. யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் கட்சியாகிவிடுவேன். அதனால் மறுகட்சியைக் கேட்கும்வரை தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, அவன் கம்ப்யூட்டரில் இந்த வகை விளையாட்டுகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே தலைவலிதான். 2005ல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 2' விளையாட்டில் ஜே-10 என்று ஒரு சீனப் போர்விமானம். அதில் ஏறியவன் ராஜா. கீழே இருந்து சுடுகிற ஏவுகணைகள் அதன் பக்கத்தில்கூடப் போகாது. விளைவு, சண்டை போட வேண்டியவர்கள் எல்லாம் ஓடுபாதையில் விமானத்துக்காக க்யூவில் நின்றார்கள். சில பேர் முன்னால் நின்ற சொந்தக் கட்சிக்காரனையே சுட்டுவிட்டு ஏறினார்கள். பிறகு வந்த திருத்தங்களில் விமானத்தின் கொட்டத்தை அடக்க வேண்டியிருந்தது.

'வார் தண்டர்' என்ற விளையாட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் பேட்டில் ரேட்டிங் என்று ஒரு மார்க். 5 மார்க் வண்டியை 9 மார்க் வண்டியோடு மோத விடுவதில்லை. அதிகபட்ச வித்தியாசம் 1. ஊர்க் கபடியில் எடை பார்த்து டீம் பிரிக்கிற மாதிரி. அந்த மார்க் விவகாரத்தில் ஆடுகிறவர்களுக்கு இருக்கும் வெறியை நம்ப மாட்டீர்கள். 2021ல், விளையாட்டில் இங்கிலாந்தின் சேலஞ்சர் 2 டாங்கியைத் தப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று நிரூபிக்க, ஒருவர் அந்த டாங்கியின் ராணுவக் கையேட்டிலிருந்தே பக்கங்களை எடுத்துப் போட்டுவிட்டார். கம்பெனிக்காரர்கள் பதறிப்போய் அதை நீக்கினார்கள். ராணுவ ரகசியத்தை ஒற்றன் திருடுவது பழைய கதை. 'என் டாங்கிக்கு மார்க் கம்மி' என்று வெளியே வருவது புதுக் கதை.

ஆட்டக்காரர்கள் பாஷையில் ஓர் ஆயுதத்தின் பலத்தைக் குறைப்பதற்கு 'நெர்ஃப்' என்று பெயர். பஞ்சு மாதிரித் தோட்டா சுடும் பொம்மைத் துப்பாக்கியின் பிராண்ட் அது. நிஜத் துப்பாக்கியைப் பொம்மை ஆக்கிவிட்டான் என்று திட்டுவதற்காக வந்த சொல். கூட்டினால் 'பஃப்'. நெர்ஃப் செய்தால் டாங்கிக்காரன் அழுவான். பஃப் செய்தால் காலாள் அழுவான். ரெண்டு பேரும் சம அளவில் அழுதால் பேலன்ஸ் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அத்தான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே காபி குடித்துக்கொண்டிருந்தார். பையன்கள் செல்போனில் ஆடுகிற பிஜிஎம்ஐயில் அடிபட்டவன் பேண்டேஜ் சுற்றிக்கொண்டால் சில நொடியில் எழுந்து ஓடுவதை அவருக்குக் காட்டினார்கள். "அடேயப்பா, இந்தக் குவாலிட்டி நம்ம தறியில வராதுப்பா" என்றார். இந்தப் பக்கத்தின் பேண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அதைச் சுற்றிக்கொண்டவர்கள் யாரும் நாலு நொடியில் எழுந்து ஓடியதில்லை.

நிஜ யுத்தத்தில் இந்த டாங்கி - காலாள் கணக்கு எப்படிப் போயிருக்கிறது?

1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பக்கம், அசல் உத்தர். பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் வருகின்றன. அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய பெயர். எதிரே கிரெனடியர்ஸ் படையைச் சேர்ந்த அப்துல் ஹமீத், ஒரு ஜீப், அதன்மேல் பொருத்திய பின்னதிர்வு இல்லாத பீரங்கி. அந்த பீரங்கியில் ஒரு சங்கடம். சுட்டால் பின்பக்கம் நெருப்பும் புழுதியும் கிளம்பி, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஊருக்கே சொல்லிவிடும். சுட வேண்டும், உடனே இடம் மாற வேண்டும். கரும்புக்காட்டு மறைவில் அப்படி மாறி மாறிப் பல பேட்டன்களை அடித்தார். 10ஆம் தேதி ஒரு டாங்கியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். இறந்தபின் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள்.

1973ல் சினாய் பாலைவனத்தில் இஸ்ரேல் டாங்கிகளுக்கு எகிப்தின் காலாட்கள் அதிர்ச்சி கொடுத்தார்கள். கையில் சாகர் என்ற ரஷ்ய ஏவுகணை. பட்டம் விடுகிற மாதிரி பின்னால் மெல்லிய கம்பி ஓட, மனிதன் கடைசிவரை அதைக் கையால் ஓட்டிப் போக வேண்டும். 3 கிலோமீட்டர் போக 25 நொடி ஆகும். டாங்கிக்காரர்கள் முதலில் அடி வாங்கினார்கள். பிறகு விஷயம் புரிந்துபோனது. ஏவுகணையைப் பார்த்துச் சுட வேண்டாம், ஓட்டுகிறவன் ஒளிந்திருக்கும் பக்கம் சுட்டால் போதும். அவன் தலையைக் குனிந்தால் ஏவுகணை வழிதவறிவிடும்.

அப்புறம் அந்த 25 நொடியையும் ஒழித்தார்கள். ஜாவலின் மாதிரி ஏவுகணைகளைச் சுட்டுவிட்டு ஓடிவிடலாம். அதுவே உயரப் போய், டாங்கியின் தோல் மெல்லிசாக இருக்கும் மண்டையில் இறங்கும். டாங்கிக்காரன் உடம்பெல்லாம் வெடிக்கும் செங்கல் மாதிரிக் கவசம் ஒட்டினான். வருகிற குண்டை அது எதிர்த்து வெடித்துக் கெடுத்துவிடும். ஏவுகணைக்காரன் இரண்டு வெடி வைத்தான். முன்னால் இருக்கும் குட்டி வெடி செங்கல்லை ஏமாற்ற, பின்னால் வரும் பெரிய வெடி துளைக்க. 2022க்குப் பிறகு உக்ரைனில், விலை குறைந்த ட்ரோன்களுக்குப் பயந்து கோடிக்கணக்கில் விலையுள்ள டாங்கிகள் தலைக்குமேல் கோழிக்கூண்டு மாதிரிக் கம்பிவலை கட்டிக்கொண்டு திரிந்தன.

ராஜபாளையத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பார்கள். பாளையக்காரர்கள் காலத்தில் வெள்ளைக்காரனின் குதிரைப்படைமேல் ராஜபாளையம் நாய்களை ஏவிவிட்டார்களாம். 2005ல் தபால்தலையில் வந்த அதே வெள்ளை நாய்தான். குதிரைக்கு நாய், டாங்கிக்குக் குழாய்.

மறுநாள் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பால்கோவா வாங்க என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். வாங்கவும் செய்தேன்.

சிநேகிதன் வீடு ரதவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். அப்பா ஒரு பால்கோவாக் கடையில் விறகடுப்பு முன்னால் கிண்டுகிற வேலை. திண்ணையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். ஆண்டாள் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் ஒருவராம். இருபது வருஷத்துக்கு மேல் போட்டிருக்கிறார்.

தேரோட்டம் டி.வி.யில் பார்ப்பவர்களுக்கு வடம் தெரியும், கூட்டம் தெரியும். சக்கரத்தை ஒட்டி, கையில் மரக்கட்டையோடு நடக்கிற ஆளைத் தெரியாது. தேருக்கு ஸ்டியரிங் இல்லை. சக்கரத்தின் அடியில் கட்டையை எந்தக் கோணத்தில் சொருகுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தேர் திரும்பும், நிற்கும். சொருகும்போது கொஞ்சம் பிசகினால் கை போகும், கால் போகும்.

"இழுக்கிறவுக ஆயிரக்கணக்குல. அவுகளுக்கு இழுக்கத்தான் தெரியும்" என்றார் பெரியப்பா. "கட்டையை அதிகமாப் போட்டா தேரு நகராது, இழுக்கிறவுக ஏசுவாக. போடாம விட்டா தேரு வீதியில திரும்பாது, நேரா வீட்டுக்குள்ள போயிரும். எப்பப் போடணும், எப்ப எடுக்கணும்... அதாந் தம்பி வேலை."

நாம் பேச்சில் 'முட்டுக்கட்டை போடுறான்' என்று திட்டுகிறோம். போடாவிட்டால் என்ன ஆகும் என்று தேரடியில் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்க வேண்டும்.

பையனிடம் மெதுவாகப் புகைப் பேச்சை எடுத்தேன். "30 நொடி ரொம்ப அதிகம்னு தோணலையா தம்பி?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "எங்க அண்ணன் ஆர்மியில இருக்கான் சார். இன்ஃபென்ட்ரி. போன வருஷம்... இல்ல சார், 2025 மே மாசம், பார்டர்ல ட்ரோன் பறந்துச்சுல்ல, அந்த நாலு நாளும் அவன் போன் எடுக்கல. எங்கம்மா டி.வி.யை ஆஃப் பண்ணவே விடல. சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவன் நடந்துதான் சார் போறான். டேங்க்காரன் பத்து செகண்டுக்கு ஒருதடவை தப்பிச்சுக்குவான்னா, நடக்கிறவன் எதுக்கு சார் கேம்ல இருக்கான்? சாகிறதுக்கா?"

"இதை அவன்கிட்ட சொன்னியா?"

"இதையெல்லாம் எப்படி சார் சொல்றது? அவன் நம்பரைப் பத்தி பேசுறான்."

அக்கா மகனிடம் நான் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சிநேகிதனை ஏற்றிக்கொண்டு வந்தான். சமாதானம் ஆகிவிட்டது. ஆனால் புகைப் பிரச்னை அப்படியே இருந்தது. அண்ணன்மேல் இருக்கிற பாசத்தை வைத்துப் புராஜெக்ட் முடிக்க முடியாதே. இருவருமே விட்டுக்கொடுக்கத் தயார். "சரிடா, 30 வச்சுக்கோ." "வேணாம்டா, 10 வச்சுக்கோ." இது முதல் சண்டையைவிட மோசம்.

தீர்த்து வைத்தது அக்கா. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மா வைத்த சட்டம் ஒன்று உண்டு. தின்பண்டத்தை ஒருத்தர் பங்கு பிரிக்க வேண்டும், இன்னொருத்தர் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவர் கடுகளவு ஏமாற்றினாலும் பெரிய பங்கு எதிராளிக்குப் போய்விடும். தராசு தோற்கும். நான் வாங்கி வந்த பால்கோவாவை அந்தச் சட்டப்படி பிரித்துக்கொண்டே, "அதையே இதுக்கும் வச்சுக்க வேண்டியதுதானே? ஒருத்தன் நம்பர் எழுது, இன்னொருத்தன் எந்தக் கட்சின்னு சொல்லு" என்றாள்.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1971ல் 'எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்' என்று குண்டுப் புத்தகம் எழுதினார். சமூகத்துக்குச் சட்டம் எழுதுகிறவன், அதில் தான் பணக்காரனாகப் பிறப்போமா ஏழையாகப் பிறப்போமா என்று தெரியாமல் எழுத வேண்டும், அப்போதுதான் நியாயமாக எழுதுவான் என்கிறார். அக்கா ரால்ஸ் படித்ததில்லை. அவளுக்குப் பால்கோவா போதுமாக இருந்தது.

அக்கா மகன் 10 என்று எழுதினான். "சரி, நான் டேங்க்" என்று சிநேகிதன் ஏறிக்கொண்டான். அடுத்த இருபது நிமிஷம் அக்கா மகன் காலாளாக, திரும்பத் திரும்பச் செத்தான். குறிவைப்பான், புகை வரும். காத்திருந்து மறுபடி குறிவைப்பான், மறுபடி புகை. "என்னடா இது, ஊதுவத்தி மாதிரி விட்டுக்கிட்டே இருக்கான்!" பிறகு சிநேகிதன் 30 என்று எழுத, இவன் காலாளாகவே இருந்துகொண்டு அவனை டாங்கியில் ஏறச் சொன்னான். ஆறு பேரில் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குறிவைத்தால் போதும். முதல் ஆளுக்குப் புகையை வீணாக்கிவிட்டு டாங்கி அம்மணமாக நின்றது. "உள்ள உக்காந்திருக்கவனும் ஒருத்தனுக்கு அண்ணன்தானேடா" என்றான் அக்கா மகன். சிநேகிதன் சிரித்துவிட்டான்.

ராத்திரி ஒரு மணிக்கு எண் 20க்கும் 25க்கும் நடுவே வந்து நின்றது. கூடவே ஒரு புதிய விதி: புகைக்குள் இருக்கும்போது டாங்கிக்காரனுக்கும் கண் தெரியாது. நிஜத்தில் பல புகைகள் அப்படித்தான். ஒளிந்துகொள்கிறவன் அந்த நேரத்துக்குக் குருடாக இருக்க வேண்டும். அந்த ஒரு விதிக்குப் பிறகு எண்ணைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது.

நிஜப் போரில் மட்டும் அக்கா சட்டம் செல்லாது. எண்ணை எழுதுகிறவன் ஓர் ஊரில், ஏ.சி. அறையில் இருப்பான். களத்தில் நிற்கிறவன் இன்னோர் ஊர்க்காரன். எந்தக் கட்சியில் பிறக்கலாம் என்று அவனை யாரும் கேட்பதில்லை. 1965ல் ஒரு ஜீப்பும், 1973ல் ஒரு கம்பியும், இப்போது ஒரு ட்ரோனும் கணக்கை நேர்செய்தது என்று நாம் எழுதுகிறோம். அந்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் எத்தனை பேர் செத்துக் காட்ட வேண்டியிருந்தது என்பது அந்தக் கணக்கில் வராது.

புராஜெக்ட் ரெவ்யூ முடிந்த அன்று அக்கா மகன் போன் செய்தான். வந்திருந்த மேடம் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிப்பா, கடைசியில இதுல யார் ஜெயிப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

சிநேகிதன் எழுந்து, "தெரியாது மேடம். அதைச் செய்யத்தான் நாலு மாசம் ஆச்சு" என்றானாம்.